பால்ல உப்பு போட்ட உருளைக்கெழங்கு

எனக்கு கோவம் வந்தா யாரு எவருன்னு பாக்க மாட்டேன். அந்தக் கோவம் மட்டும் இல்லேன்னா, பிரான்ஸ் தேசத்து சாப்பாட்டை எங்க வீட்டு அடுப்பங்கரையிலேயே உக்காந்து சாப்பிடற யோகம் எனக்கு வந்திருக்காது. அதனால அன்னைக்கு நான் கத்தினதுக்காக யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறதா இல்ல.

எழுபதுகளோட கடைசி. கீழ்பென்னாத்தூர்ல நெலத்தையும் எருமைகளையும் கொழுந்தனார் பொறுப்புல விட்டுட்டு, நாங்க திருவண்ணாமலைக்கு வந்து செங்கம் ரோட்டுல வீடு கட்டியிருந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பின்கட்டுல ரெண்டு ரூம் எடுத்து, ஆசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டோம். எங்க அத்தை, அதாவது மாமியார், ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தாங்க. காம்பவுண்டுக்குள்ள கறி, மீன், முட்டை, சாராயம் எதுவும் நுழையக்கூடாது. நாங்க ஒண்ணும் பரம்பரை சைவம் இல்ல. ஆசிரமத்துப் பக்கம் வந்ததும் அத்தை தானும் விட்டாங்க, எங்களையும் விட வெச்சாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் எருமையைப் பாத்துட்டு வரேன்னு ஊருக்குப் போயி மீன் கொழம்பு தின்னுட்டு வருவார். வாயைத் தொடச்சுக்கிட்டா மட்டும் தெரியாதாக்கும்!

பின்கட்டு ரூம்ல மூணு நாலு வருஷமா ஒரு பிரெஞ்சுக்காரப் பொண்ணு இருந்தா. மலையைச் சுத்துவா, ஆசிரமத்துல கண்ணை மூடி உக்காருவா, சாயங்காலம் என்கூட உக்காந்து கீரை ஆய்வா. தமிழ் என்கிட்டயும் காய்கறிக்காரங்ககிட்டயும் கத்துக்கிட்டதுதான். என்னை அக்கான்னு கூப்பிடுவா. ஒரே குறை, சாப்பிடமாட்டா. ஒரு கைப்பிடி சோறு, கொஞ்சம் மோரு, அவ்ளோதான். "பசிக்கல அக்கா"ன்னுவா. கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு நிக்கும். நான் திட்டாத நாள் கெடையாது. சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிடுவா.

ஒரு நாள் காலையில வாசல்ல மெட்ராஸ் டாக்சி வந்து நின்னுச்சு. அறுபது வயசுல வாட்டசாட்டமா ஒரு அம்மா எறங்கினாங்க. சட்டைக்கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தாங்க. கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. என் கையிலயும் அதே இடத்துல இருக்கு. ஆஹா, இது அடுப்புகிட்டயே வாழ்ந்த பொம்பளைன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

அந்தப் பொண்ணோட அம்மாதான். ரூமுக்குள்ள போன கொஞ்ச நேரத்துல ரெண்டு பேர் சத்தமும் தெரு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு செவந்த கண்ணோட வெளியில வந்து என்கிட்ட சொன்னா. "என்னை கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க அக்கா. ரெண்டு பேருக்கும் பிளேன் டிக்கெட் வாங்கியாச்சாம். நான் இங்க பட்டினி கெடந்து செத்துடுவேன்னு சொல்றாங்க. நான் போகமாட்டேன்."

அன்னையிலேருந்து தாயும் மகளும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதை நிறுத்திட்டாங்க. ஆனா பேசாமலும் இருக்க முடியல. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அந்தம்மா என்னைப் பாத்து பிரெஞ்சுல பேசுவாங்க. பக்கத்துல மூஞ்சைத் திருப்பிக்கிட்டு நிக்கற பொண்ணு அதைத் தமிழ்ல சொல்லுவா. நான் பதில் சொன்னா அதை பிரெஞ்சுல திருப்பிச் சொல்லுவா. "இந்தப் பொண்ணு இப்படித்தான் எப்பவும் இருக்காளான்னு கேக்கறாங்க"ன்னு தன்னைப் பத்தித் தானே எனக்கு எடுத்துச் சொல்லுவா. அய்யோ, அந்தக் கூத்தை என்னன்னு சொல்றது!

அந்தம்மாவும் சாப்பிடல. அதுதான் எனக்குப் பொறுக்கல. இட்லி கொண்டு போனேன், தொடல. பொங்கல் வெச்சேன், மோந்து பாத்துட்டு நகத்தி வெச்சுட்டாங்க. காரம் ஆகாதோன்னு ரசத்தை வெறும் தண்ணியா வெச்சுக் குடுத்தேன். ரெண்டு வாழைப்பழமும் டீயும்தான் உள்ள போச்சு. சுவத்தைப் பாத்து உக்காந்தே இருப்பாங்க. வெயில்ல வதங்கின கீரை மாதிரி ஆயிட்டாங்க. வீட்ல ஒருத்தர் பட்டினி கெடக்கும்போது எனக்கு எப்படி சோறு எறங்கும்? ஒரு நாள் மத்தியானம் சாம்பார் சாதத்தைத் தட்டோட திருப்பி அனுப்பினப்ப எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிடுச்சு.

"இந்தா பாருங்க! என் வீட்ல பட்டினி கெடக்கறதுக்கு நீங்க யாரு? பொண்ணு சாப்பிடலன்னு ஊரைக் கூட்டறீங்களே, நீங்க என்ன சாப்பிட்டீங்க? என் சமையல் புடிக்கலேன்னா, அதோ இருக்கு அடுப்பு. எழுந்து வந்து நீங்களே ஆக்குங்க!"

அந்தப் பொண்ணு மொழிபெயர்க்கத் தயங்கினா. "சொல்லுடி, ஒரு வார்த்தை கொறைக்காம சொல்லு"ன்னேன். சொன்னா. அந்தம்மா என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. எழுந்து நின்னாங்க. வந்த நாள்லேருந்து அந்த மூஞ்சியில அன்னைக்குத்தான் உயிரைப் பாத்தேன்.

அப்புறம்தான் பொண்ணு எனக்கு விவரம் சொன்னா. ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல அந்தம்மாவுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. பிஸ்த்ரோன்னு பேராம். பெரிய ஓட்டலும் இல்ல, டீக்கடையும் இல்ல. ஏழெட்டு மேசை, வெளியில ஒரு கரும்பலகை. அன்னைக்கு அந்தம்மா என்ன ஆக்கறாங்களோ அதை சாக்பீஸ்ல எழுதி வெப்பாங்க. வர்றவங்க அதைத்தான் சாப்பிடணும். புருஷன் செத்தப்புறமும் ஒத்தையா நின்னு நடத்தியிருக்காங்க. பொண்ணு வந்து கடையை எடுத்துக்கும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. பொண்ணு மலையைச் சுத்த வந்துடுச்சு.

அடுப்பங்கரை வாசல்ல அத்தை கையை நீட்டி மறிச்சாங்க. "குளிச்சுட்டு வரச்சொல்லு. முட்டை கூடாது, மாமிசம் கூடாது, சாராயம் கூடாது." பொண்ணு சொல்லச் சொல்ல அந்தம்மா தலையில கைவெச்சுக்கிட்டாங்க. அவங்க ஊர் சமையல்ல அதெல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் என்ன? அப்புறம் ஒரு பதில் வந்துச்சு. "என் அடுப்பங்கரையிலயும் நான் வெச்சதுதான் சட்டம்னு சொல்றாங்க." அத்தைக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. வழி விட்டுட்டாங்க.

மறுநாள் அந்தம்மாவோட மார்க்கெட்டுக்குப் போனேன். நான் இருபது வருஷமா சமைக்கறவ, ஆனா காயை அப்படித் தொட்டதில்ல. ஒவ்வொரு உருளைக்கெழங்கையும் உள்ளங்கையில வெச்சு கனம் பாத்தாங்க. வெங்காயத்தைக் காதுகிட்ட வெச்சு அமுக்கிக் கேட்டாங்க. "வெங்காயம் ரேடியோ பாடுதாம்மா?"ன்னு கடைக்காரன் கேட்டான். அவன் கெடக்கான். வெங்காயம் ஒரு கூடை, பூண்டு, காய்ச்சக்காரங்களுக்கு வாங்கற ஆப்பிள் கொஞ்சம், புது மண்சட்டி ஒண்ணு. கடைசியில ஏதோ ஒரு கொட்டை வேணும்னு கையைக் காட்டினாங்க. எங்கெங்கயோ தேடிப் பாத்தா, நாட்டு மருந்துக் கடையில கெடைச்சுது. ஜாதிக்காய்! கைக்கொழந்தைக்கு வயிறு சரியில்லேன்னா நாம கல்லுல உரைச்சு ஊத்தறது. அதைப்போயி உருளைக்கெழங்குல போடப் போறாங்களாம்.

கீழ்பென்னாத்தூர்லேருந்து எருமை வெண்ணெய் வந்திருந்துச்சு. தண்ணியில மெதக்கற அந்த உருண்டையை அந்தம்மா வெரலால தொட்டு நாக்குல வெச்சாங்க. அப்படியே கண்ணை மூடிட்டாங்க. எங்க வீட்ல அவங்க மனசோட ருசி பாத்த மொதல் பொருள் அதுதான். எனக்கு ஏனோ சர்டிபிகேட் வாங்கின மாதிரி இருந்துச்சு.

வெங்காயத்துலேருந்து ஆரம்பிச்சாங்க. நாம வெங்காயத்தை வதக்கறது எவ்ளோ நேரம்? பொன்னிறம் வந்தா அடுத்ததைப் போட்டுடுவோம். அந்தம்மா ஒரு கூடை வெங்காயத்தையும் மெல்லிசா அரிஞ்சு, வெண்ணெயில கொட்டி, வெறகை இழுத்துத் தணலை மட்டும் விட்டாங்க. கிண்டினாங்க, கிண்டினாங்க, கிண்டிக்கிட்டே இருந்தாங்க. மஞ்சள் இல்ல, மிளகா இல்ல, தனியா இல்ல. சட்டி நெறைய இருந்த வெங்காயம் பாதியாச்சு, கால்வாசியாச்சு, அப்புறம் அடியில ஒட்டிக்கிட்டு வெல்லப்பாகு நெறத்துல பளபளன்னு கெடந்துச்சு. தெருவுல போற சனங்க "என்னம்மா வீட்ல விசேஷம்?"னு எட்டிப் பாத்தாங்க. அந்த வாசனையை நான் எப்படிச் சொல்வேன்? நான் பொறந்ததுலேருந்து அரிஞ்சு அழுத அதே வெங்காயம். இத்தனை நாளா இந்த இனிப்பை எங்க ஒளிச்சு வெச்சிருந்துச்சு?

உருளைக்கெழங்கை அப்பளம் மாதிரி சீவிப் போட்டாங்க. கறுத்துப் போகுமேன்னு நான் வழக்கம் போல தண்ணியில போடப் போனேன். பட்டுனு என் கையில ஒண்ணு வெச்சாங்க! எனக்கு வந்துச்சே கோவம். "கழுவினா அந்த மாவு போயிடும், பால் கெட்டியாகாதாம், அக்கா"ன்னு பொண்ணு வெளியில நின்னுக்கிட்டே சொன்னா. சரி, தொழில் தெரிஞ்சவங்க அடிச்சா வாங்கிக்க வேண்டியதுதான்.

அடுத்ததுதான் பெரிய ரகளை. மண்சட்டியில பூண்டைத் தேச்சு, கெழங்கை அடுக்கி, மேல எருமைப்பாலையும் ஏட்டையும் ஊத்தி, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாங்க. அத்தை அலறிட்டாங்க. "அடிப்பாவி, பால்ல உப்பா? பால்ல உப்பு போட்டுக் குடிச்சா உடம்புக்கு ஆகுமா? சொறி சிரங்கு வருமே! என் காலத்துல இப்படி ஒரு அநியாயத்தைப் பாத்ததில்ல!" அந்தம்மா பாட்டுக்கு ஜாதிக்காயைத் துருவிக்கிட்டே இருந்தாங்க. அத்தை மாலையைக் கையில எடுத்துக்கிட்டு வாசல்ல போயி உக்காந்துட்டாங்க.

கெழங்கு மெதுவா வேகணும், நாலு பக்கமும் ஒரே சூடா இருக்கணும். நம்ம அடுப்புல அது நடக்காது. அந்தம்மா பொண்ணு வழியா கேட்டாங்க. "இந்த ஊர்ல ரொட்டி சுடறவங்க இல்லையா?" இருந்தாங்களே! தேரடிப் பக்கம் வெறகு அடுப்பு வெச்ச பேக்கரி ஒண்ணு. சட்டியையும், பாகு காய்ச்சி ஆப்பிளை அடுக்கி மேல மைதா மாவால மூடின இரும்புச் சட்டியையும் துணியில கட்டி ரிக்ஷாவுல ஏத்திக்கிட்டு மூணு பொம்பளைங்களும் போனோம். பன்னெல்லாம் எடுத்து முடிஞ்சு அடுப்பு ஆறிக்கிட்டு இருந்த நேரம். பேக்கரி மாஸ்டர் முதல்ல மொறைச்சார். அந்தம்மா சட்டைக்கையை ஏத்திவிட்டு, அடுப்பு வாய்க்குள்ள வெறுங்கையை நீட்டி அப்படியே வெச்சிருந்து, போதும்னு தலையாட்டினாங்க. மாஸ்டர் நகந்து வழி விட்டார்.

அங்க உக்காந்து காத்திருந்தப்ப அந்தம்மா என்னைப் பாத்து நெறைய பேசினாங்க. அவங்க ஊர்ல ஞாயித்துக்கெழமை காலையில எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் சட்டியைக் கொண்டாந்து ரொட்டிக்காரன் அடுப்புல வெச்சுட்டு சர்ச்சுக்குப் போவாங்களாம். பூசை முடிஞ்சு வரும்போது அவங்கவங்க சட்டியை அடையாளம் பாத்து எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவாங்களாம். அவங்க மலைப்பக்கத்துக்கு இந்தப் பால் கெழங்குதான் பேர்போனதாம், இன்னொரு சீமைக்கு இந்த ஆப்பிள், கடலோரத்துக்கு வேற என்னமோ. அதையெல்லாம் தமிழ்ல சொன்ன பொண்ணு நடுவுல நிறுத்தி, "எங்க சட்டியை நான்தான் தூக்கிட்டு வருவேன்"னு தானா ஒரு வரி சேத்துக்கிட்டா. அது அந்தம்மா சொன்னதில்லன்னு அவ மூஞ்சியிலேயே தெரிஞ்சுச்சு.

விளக்கு வெக்கிற நேரத்துல வீட்டுக்கு வந்து எல்லாரையும் உக்கார வெச்சாங்க. அத்தை, எங்க வீட்டுக்காரர், நான், அந்தப் பொண்ணு. சோறு வடிச்சியான்னு அத்தை காதோரமா கேட்டாங்க. இல்லேன்னேன். அந்த வெங்காயத்துல வெச்ச சூப் கிண்ணம் கிண்ணமா வந்துச்சு. மேல வறுத்த ரொட்டி, பாண்டிச்சேரியிலேருந்து வந்த டின் சீஸ் அது மேல உருகி வழியுது. வெச்சுட்டு அந்தம்மா கதவோரம் போயி நின்னுக்கிட்டாங்க.

நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். எல்லாம் பரிமாறி முடிக்காம சாப்பாட்டுல கைவெக்கறது எங்க வழக்கமே இல்ல. கூட்டு, பொரியல், சோறு, நெய் எல்லாம் வரட்டும்னு மரியாதையா காத்திருந்தோம். அந்தம்மாவோ, இதைச் சாப்பிட்டு முடிச்சாத்தான் அடுத்ததுன்னு காத்திருக்காங்க. ஆவி அடங்கிக்கிட்டே வருது. அந்தம்மா மூஞ்சி செவந்துக்கிட்டே வருது. நாங்க வேணாம்னு ஒதுக்கறோம்னு நெனச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏதோ ஞாபகத்துல இருந்தா. திடீர்னு நிமிந்து பாத்தவ பதறிட்டா. "அய்யோ அக்கா, சாப்பிடுங்க! ஒண்ணு முடிஞ்சாத்தான் ஒண்ணு வரும்!"

ஒரு கரண்டி வாயில வெச்சேன். இனிப்பா, உப்பா, பொகை வாசனையான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. காரமே இல்லாம ஒரு சாப்பாடு இவ்ளோ பேசுமா? எங்க வீட்டுக்காரர் ரொட்டியால கிண்ணத்தைத் தொடச்சு கழுவ வேண்டியதே இல்லாம பண்ணிட்டார். அந்தம்மா வந்து எச்சில் கிண்ணங்களை எடுத்தாங்க. நான் பதறி எழுந்தேன். தோளைப் புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க.

அப்புறம் அந்தக் கெழங்கு. மேல பொன்னு மாதிரி ஏடு. உள்ள கரண்டி போனதும் வழிவிடுது. பாலும் கெழங்கும் வேற வேறயா இல்ல. எங்க அத்தை வெரல் நுனியில எடுத்து, வெஷத்தைப் பாக்கற மாதிரி பாத்து, வாயில வெச்சாங்க. கொஞ்ச நேரம் கண்ணைத் தொறக்கல. "அப்பனே அருணாசலா"ன்னு மட்டும் சொன்னாங்க. "உடம்புக்கு ஆகாதே, அத்தை?"ன்னு கேட்டேன். "நீ வாயை மூடு. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு."

கடைசியா ஆப்பிள். இரும்புச் சட்டியைத் தட்டு மேல ஒரே வீச்சுல கவுத்தாங்க. பாகுல ஊறின துண்டுங்க கருஞ்செவப்பா மின்னிக்கிட்டு வந்து உக்காந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போற பழத்துக்கு இப்படி ஒரு கல்யாணக் கோலமா! ஒரு அம்மா, ஒத்தைக் கையால, நம்ம ஊர் காயையும் நம்ம ஊர் பாலையும் வெச்சுக்கிட்டு, நான் பாக்கவே போகாத ஒரு தேசத்தை என் வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டாங்களே. அன்னைக்கு எனக்கு ஏற்பட்ட மலைப்பு இன்னும் அடங்கல.

அப்பத்தான் நான் அந்தம்மாவைப் பாத்தேன். அவங்க எங்க யாரையும் பாக்கல. பொண்ணு வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "பசிக்கல அக்கா"ன்னு எழுந்து போறவ, அன்னைக்கு சூப் ரெண்டு தரம் வாங்கிக்கிட்டா. கெழங்குச் சட்டியோட அடியில ஒட்டினதைச் சுரண்டிக்கிட்டு இருந்தா. கன்னமெல்லாம் தண்ணி வழியுது, கை மட்டும் நிக்கல. இத்தனை வெங்காயமும் வெண்ணெயும் எங்களுக்காக இல்ல. ஒரே ஒரு வாய்க்காகத்தான்.

ஒரு எலையை விரிச்சேன். அந்தம்மாவைக் கையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். பொண்ணுகிட்ட, "எழுந்திரு. உங்கம்மாவுக்கு நீ போடு"ன்னேன். அவ எங்க வீட்டுப் பழக்கப்படி எல்லாத்தையும் ஒரே எலையில வெச்சா. கிண்ணத்துல சூப்பு, பக்கத்துல கெழங்கு, அதுக்குப் பக்கத்துல ஆப்பிள். பிஸ்த்ரோக்காரம்மாவுக்கு அதைப் பாத்து என்ன பண்றதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, சாப்பிட ஆரம்பிச்சாங்க. எல்லாத்தையும் சாப்பிட்டாங்க.

பாதியில நிமிந்து என்னைப் பாத்து ரொம்ப நேரம் பேசினாங்க. நிதானமா, சத்தமே இல்லாம. பொண்ணு மொழிபெயர்க்கல. நான் பொறுத்துப் பாத்தேன். "என்னடி, உங்கம்மா என்கிட்ட பேசறாங்க, நீ மரம் மாதிரி நிக்கறே?"

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு சொன்னா. "இந்தப் பொண்ணுக்கு பசின்னா என்னன்னே மறந்துபோச்சு, இந்த ஊர்தான் மறக்க வெச்சுதுன்னு நெனச்சு வந்தேன். மறக்கலன்னு இன்னைக்குப் பாத்துட்டேன்னு சொல்றாங்க. அவ வரமாட்டா, எனக்குத் தெரியும், நான் மட்டும் போறேன்னு சொல்றாங்க. வாரத்துல ஒரு நாளாவது அவளை வயிறு நெறைய சாப்பிட வைங்க, எலையில மிச்சம் வெச்சா திட்டுங்க. நான் திட்டினா கேக்கமாட்டா. உங்களுக்கு நல்லா திட்டத் தெரியுதுன்னு..." அதுக்கு மேல அவளால முடியல.

நான் அந்தம்மா பக்கத்துல உக்காந்தேன். "நான் பாத்துக்கறேம்மா. நீங்க தைரியமா போங்க"ன்னேன். பொண்ணு அதை பிரெஞ்சுல சொல்ல வாயெடுத்தா. அந்தம்மா வேணாம்னு கையைக் காட்டினாங்க. எலையில இருந்த ஆப்பிள் துண்டை, எங்களை மாதிரியே வெரலால கிள்ளி எடுத்தாங்க. பொண்ணு பக்கம் திரும்பி, சண்டை போட்ட நாளுக்கப்புறம் மொதல் தடவையா, அவகிட்டயே ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னாங்க. நான் அர்த்தம் கேக்கல. அந்தப் பொண்ணு அம்மா எதிர்ல மண்டி போட்டு உக்காந்து வாயைத் தொறந்தா.